எண்பதுக்குப் பிறகு

அவன் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. விட்டால் விசைப்படகு அலைக்குப் பக்கவாட்டில் திரும்பிவிடும்.

வயர்லெஸ் செட்டில் அமிர்தலிங்கத்தின் குரல். படகில் தண்ணீர் ஏறுகிறது, ஆறு பேர் இருக்கிறோம் என்றது. இருக்கும் இடத்தை நான்கு எண்களாகச் சொன்னது.

பிறகு வெறும் இரைச்சல்.

வேறு எந்தப் படகும் பதில் சொல்லவில்லை. அவனுக்கு மட்டும்தான் எட்டியிருக்கிறது.

எழுதக் கை இல்லை. எண்களை முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். இந்த ஓர் அலை தாண்டட்டும், ஜிபிஎஸ்ஸில் அடித்துவிடலாம்.

மீன் அறையிலிருந்து வீரக்கண்ணு தலையை நீட்டி, ஐஸ் எத்தனை கட்டி ஏற்றினோம் என்று கேட்டார்.

பதினாலு என்றான்.

அலை தாண்டியது. ஒரு கையை எடுத்தான்.

பத்து. நாற்பத்தாறு. எண்பது.

அடுத்தது வரவில்லை.

பதினாலு வந்தது. அது ஐஸ். இல்லை, நாக்கில் இருந்ததையே ஐஸுக்கும் சொல்லிவிட்டானா?

நாற்பத்தொன்றும் வந்தது.

அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே மூன்று மணி நேர ஓட்டம்.

குரல் நடுங்கியது நினைவிருந்தது. பின்னால் யாரோ சாமியைக் கூப்பிட்டதுகூட நினைவிருந்தது.

அமிர்தலிங்கம் பெரியப்பா மகன். வலை அறுந்த தகராறில் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. துறைமுகத்துக்கே தெரியும்.

மறந்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்?

ஏதாவது ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மைக்கை எடுத்தான்.

"அமிர்தலிங்கம் அண்ணனோட போட்டு முழுகுது. பத்து நாப்பத்தாறு, எண்பது. அதுக்கப்புறம் பதினாலா நாப்பத்தொண்ணான்னு தெரியல. மறந்துட்டேன்."



பிறகு ஒரு குரல், கரைப்பக்கம் இருக்கும் பதினாலுக்கு நாங்கள் போகிறோம் என்றது. இன்னொன்றும் அதையே சொன்னது.

அவன் நாற்பத்தொன்றுக்குத் திருப்பினான்.

அங்கே கடல் மட்டும் இருந்தது. சுற்றிச் சுற்றி வந்தான். பொழுது சாயும்போது செட்டில் செய்தி வந்தது. பதினாலில் ஆறு பேரையும் தூக்கிவிட்டார்கள். ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்களாம்.

வீரக்கண்ணு அழுதார். அவனுக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் காலை துறைமுகத்தில் அமிர்தலிங்கம் யாரோ கொடுத்த சட்டையில் நின்றிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனிடம் வந்தார். உப்பில் கண்கள் சிவந்திருந்தன.

"நெசமாவே மறந்துட்டியாடா?"

இரண்டு வருடத்தில் முதல் பேச்சு.

ஆமாண்ணே என்றான்.

அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன்தான் முதலில் கடல் பக்கம் திரும்பினான்.