புளூட்டோவின் கடைசிக் கதவு

அந்தக் கதவு ஏன் அப்படித் திறக்கிறது என்று யசிந்தன் ஒலிவாங்கியில் கேட்டுவிட்டு உட்கார்ந்தபோது, ஸ்காபரோ மண்டபத்தில் ரசிகர் கூட்டத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் மேடையைப் பார்த்தார்கள்.

மேடையில் மாக்கஸ் இருந்தார். முப்பது வருடங்களுக்கு முன்பு இதே ரொறன்ரோவில் ‘பார்க்கிங் ஒன் புளூட்டோ’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கியவர்.

புளூட்டோவில் விண்கலங்களுக்குப் பார்க்கிங் டிக்கெட் கிழிக்கும் ஒருவன், தவறுதலாகப் பிரபஞ்சத்தைக் காப்பாற்றுகிற கதை. ஆறு பாகங்கள். விளையாடுபவர் கட்டளையைத் தட்டச்சு செய்தால் அவன் அதன்படி நடப்பான். பிழையாகத் தட்டினால் செத்துப்போவான். அவன் சாகிற விதங்களைப் பார்க்கவே விளையாடியவர்கள் உண்டு.

மூன்றாம் பாகத்தின் கடைசிக் கதவுதான் பிரச்சினை.

‘கோ’ என்று தட்டினால் அவன் வாசற்படி தடுக்கிப் புளூட்டோவை விட்டே விழுந்துவிடுவான். ‘லீவ்’ என்று தட்டினால் கதவு அவனைக் கடிக்கும். ‘எக்ஸிட்’ என்றால் அவனிடமே பார்க்கிங் டிக்கெட் கேட்டு, இல்லையென்றதும் சுட்டுவிடும். ‘கோ அண்ட் கம்’ என்று தட்டினால் மட்டும் மரியாதையாகத் திறக்கும்.

ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது.

யசிந்தனுக்குத் தெரியும் என்று யசிந்தன் நம்பினான். தமிழர் வீட்டில் ‘போறன்’ என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்ட முடியாது. ‘போட்டு வாறன்’, அதாவது போய் வருகிறேன், என்றுதான் சொல்லவேண்டும். ஆகவே மாக்கஸ் சைவ சித்தாந்தம் படித்திருக்கிறார். புளூட்டோ இந்தப் பிறவி, கதவுக்கு அப்பால் மறுபிறவி. தொடரின் வரலாற்றைப் பல வருடங்களாக இணையத்தில் எழுதிவருகிறவன் அவன். அதில் இந்தக் கதவுக்கு மட்டும் தனி அத்தியாயம், பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு.

ரூஜ் பகுதியில் இருக்கும் இன்னொரு ரசிகை ஷரோன் அதை நம்பவில்லை. அது வெறும் புரோகிராம் பிழை என்று அவளும் விடாமல் எழுதிவந்தாள். இன்று முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மாக்கஸ் பிழை என்று சொல்லிவிட்டால் யசிந்தன் இனி இணையத்தில் தலைகாட்ட முடியாது.

யசிந்தனுக்குப் பக்கத்தில் அவனுடைய அம்மா பரிமளம். கூட்டம் முடிந்ததும் மோர்னிங்சைட்டில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டு விழாவுக்கு அவரைக் கொண்டுபோய் விடவேண்டும். அதனால் பட்டுச்சேலையும் பதக்கச் சங்கிலியுமாக, வேற்றுக்கிரக உடுப்புப் போட்டவர்களுக்கு நடுவில் இருந்தார். பச்சை முகமூடி போட்ட ஒருவர் வந்து, நீங்கள் எந்தப் பாத்திரம் என்று பணிவாகக் கேட்டிருந்தார். பரிமளம் என்று அவர் சொல்ல, அது எத்தனையாம் பாகம் என்று யோசித்துக்கொண்டே முகமூடி நகர்ந்தது.

மாக்கஸ் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் விளையாட்டில் வழி தெரியாமல் முட்டுப்பட்டவர்கள் கம்பனிக்கு ரெலிபோன் எடுப்பார்கள். விடை சொல்லிக்கொடுக்க ஆள் வைத்திருந்தார்கள். பேசுகிற நேரத்துக்குக் கட்டணம். இரண்டாம் பாகம் வெளிவந்த குளிர்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த ஒரு பெண் அந்த வேலைக்குச் சேர்ந்தார். விடையைச் சொல்லி முடித்ததும், ஒவ்வொருவரிடமும் அவர் ‘ஓகே, கோ அண்ட் கம்’ என்று சொல்லித்தான் ரெலிபோனை வைப்பார்.

கேட்டவர்கள் அதுவும் விடையோடு சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். கனடா முழுவதும் பிள்ளைகள் அதைத் தட்டிப் பார்த்தார்கள். வேலை செய்யவில்லை என்று தாய் தகப்பன்மார் சண்டைக்கு வந்தார்கள். அத்தனை பேருக்கும் விளக்கம் சொல்வதைவிட, மூன்றாம் பாகத்தில் அதை வேலை செய்ய வைப்பது சுகமாக இருந்தது என்றார் மாக்கஸ்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. ஷரோனும் சிரித்தாள். சித்தாந்தமும் இல்லை, பிழையும் இல்லை. யசிந்தனுக்கு அழுகை வரும்போல இருந்தது. அடிக்குறிப்புகளை நினைத்ததும் இன்னும் கூடுதலாக வந்தது.

மாக்கஸ் முடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயர் ஒருவருடைய வாயிலும் நுழையாததால் ‘பெரி’ என்று கூப்பிட்டார்களாம். கொஞ்சக் காலம்தான் வேலை செய்தார், பிறகு எங்கே போனாரோ தெரியாது. ஆறு பாகங்களிலும் ஆகக் கூடுதலாகச் சிரிக்கவைத்த பகிடி அவருடையது, அவருடைய பெயர் எங்கேயும் இல்லை. இங்கே யாருக்காவது அவரைத் தெரியுமா என்று கேட்டார்.

ஆளை ஆள் திரும்பிப் பார்த்தார்கள். யசிந்தனுக்கு உயிர் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்கிறவன்தான் இந்தத் தொடரின் வரலாற்றை முடித்து வைக்கப்போகிறவன். ஸ்காபரோவை வீடு வீடாகத் தட்டியாவது தான் கண்டுபிடிப்பதாகச் சொல்ல அவன் கையை உயர்த்தினான்.

வளையல் போட்ட ஒரு கை அதை எட்டிப் பிடித்து இறக்கியது.

“கையைக் கீழை விடு தம்பி. உந்த மனிசன்தான் என்னை வேலையாலை நிப்பாட்டினது.”

யசிந்தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். வந்த புதிதில் ஏதோ ரெலிபோன் வேலை செய்ததாக அவர் எப்போதோ சொன்னதுண்டு. பில் விசாரிக்கிற இடமாக்கும் என்று அவன் நினைத்திருந்தான்.

பரிமளம் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார். எடுக்கிறதெல்லாம் சின்னப் பிள்ளைகள், கட்டணம் தகப்பன்மாரின் தலையில் விழும். பாவம் என்று உடனே விடையைச் சொல்லி ரெலிபோனை வைத்துவிடுவாராம். இழுத்துப் பேசத் தெரியாது என்று இந்த மனிதர்தான் அறைக்குள் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று சொன்னாராம். அன்றைக்கு மட்டும், அந்த அறையை விட்டு வெளியே வரும்போது, ‘கம்’ சேர்க்காமல் வெறும் ‘கோ’ என்று சொன்னதாகச் சொன்னார்.

மேடையில் மாக்கஸ் இரண்டாம் தடவையும் கேட்டார். ஒருவருக்குமா தெரியாது?

ஷரோன் திரும்பி நேரே யசிந்தனைப் பார்த்தாள். உனக்குமா என்று அவள் முகம் கேட்டது.

தொடரின் முழு வரலாறும் தெரிந்த ஒரே மனிதன், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்தான்.