எட்டில் ரெண்டு

"சாமி, இந்த ஆளுக்கு மட்டும் கண்டுபிடிக்கத் தெரியக் கூடாது."

பெரியக்கா உதடு அசையாமல் வேண்டிக்கொண்டாள்.

பக்கத்து மேஜையில் மெக்கானிக் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மெமரிக்கான பச்சைத் தகட்டை உருவி, விளிம்பை அழிரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினார். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"உள்ளே எட்டு ஜிபியும் இருக்கு சார். சிஸ்டம்தான் ரெண்டுன்னு அடம் பிடிக்குது. ரொம்பப் பழசு."

"பழசுன்னு சாக்குச் சொல்லாதீங்க," என்றார் மேனேஜர். "போட்ட அன்னிக்கு எட்டு காட்டிச்சே? மறுநாளே எப்படி ரெண்டாச்சு? எட்டும் ஓடணும். ஓடினா ரெண்டு பேர் வேலையை ஒருத்தரே முடிச்சிடலாம்."

அந்த 'ஒருத்தரே' காதில் விழுந்ததும் பெரியக்கா மறுபடியும் வேண்டிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியின் பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆபீஸ் அது. இரண்டே நாற்காலி. ஒன்றில் பெரியக்கா. இன்னொன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். வாய் மூடாததால் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர்.

போன வாரம் மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். வாயாடியின் கம்ப்யூட்டரில் புது மெமரி போட்டாச்சு. பெரியக்காவுடையதில் போட வழியில்லை. வேகம் வந்துவிட்டால் மாசக் கடைசியோடு ஒரு நாற்காலி குறையும். மிஞ்சுகிறவருக்குச் சம்பளம் கூடும்.

எந்த நாற்காலி என்று கேட்க வேண்டியதே இல்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. வீட்டில் சம்பாதிக்கிறது பெரியக்கா ஒருத்திதான்.

"அக்கா, இந்த மெஷின் ஒரு ஃபைலைத் திறக்கறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம்!" வாயாடி சிரித்தாள்.

'சிரிக்க மாட்டியா பின்னே, உனக்கென்ன' என்று நினைத்துக்கொண்டாள் பெரியக்கா.

"ஆ! சிக்கிச்சு!" மெக்கானிக் மேஜையைத் தட்டினார்.

பெரியக்கா ஸ்கேன் செய்ய எடுத்த ஃபைலைக் கீழே வைத்தாள்.

"சிஸ்டம் கிளம்பும்போது எவ்வளவு மெமரி எடுக்கணும்னு சொல்ற இடம் இது. இங்கே யாரோ டிக் போட்டு, ரெண்டுக்கு மேல தொடாதேன்னு எழுதி வெச்சிருக்காங்க சார். இது தானா விழற டிக் இல்லை. வேணும்னே பண்ணது."

மேனேஜர் மெதுவாகப் பெரியக்கா பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை மத்தியானம் அவ நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்களே. கண்ணாடி வழியா பார்த்தேன். என்னம்மா பண்ணீங்க?"

"சார்... அது வந்து..."

"பெட்டி மேல கையை வேற வெச்சிருந்தீங்க!"

"சாமி கும்பிட்டேன் சார்."

"கம்ப்யூட்டர் முன்னாடியா?"

பொய் சொல்லவும் வரவில்லை.

"இது சரியாகவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன் சார். தப்புதான். ஆனா அது மட்டும்தான் பண்ணேன். டிக்கு கிக்கு எல்லாம் எனக்குத் தெரியாது."

"வேண்டுதலுக்கு டிக் விழாதும்மா!" என்றார் மேனேஜர். "மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே கிளம்புங்க."

பெரியக்கா தன் பையை எடுக்கக் குனிந்தாள். கண்ணீர் மறைத்ததில் வார் கைக்குச் சிக்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் மெக்கானிக். "இந்த இடத்துக்குள்ள வரணும்னாலே பாஸ்வேர்டு வேணும். அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவங்களுக்கு எங்கே தெரியும்? எனக்கும் இவளுக்கும்தான்..."

மேனேஜர் பாதியில் நிறுத்தினார். மூன்று பேரும் வாயாடியைப் பார்த்தார்கள்.

முதல் தடவையாக அவள் வாய் மூடியிருந்தது.

"நீயா?"

"ஆமா சார்."

"உனக்குத்தானே சம்பளம் கூடும்னு சொன்னேன்? பைத்தியமா உனக்கு?"

"நான் மெதுவா வேலை செஞ்சா என்னைத் திட்டுவீங்க. மெஷின் மெதுவா ஓடினா யாரையும் திட்ட முடியாது. அக்காவும் இருப்பாங்க."

பெரியக்காவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. பையை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். "டிக்கை எடுத்துடட்டுமா சார்?"

"எடுங்க. பின்னே, இதை வெச்சு அழகு பார்க்கறதா?"

வாயாடி எழுந்து, தன் நாற்காலியை மேனேஜர் பக்கம் தள்ளினாள்.

"அப்படியே ரெண்டு நாற்காலியையும் சேர்த்து எடுத்துடுங்க சார்."