சொட்டும் துண்டு

மனச்சோர்வில் விழுந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் அந்த வாட்ஸப் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு எழுந்து குளிக்க முடிந்தவர்கள் தங்கள் ஈரத் துண்டைப் படமெடுத்துப் போடுவார்கள். மெர்லின் ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் அவள் குளித்து எட்டு நாளாகிறது. காலையில் துண்டைக் குழாயில் நனைத்துக் கொடியில் போட்டுப் படமெடுத்துவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாள். இன்று, புதிதாகச் சேர்ந்த நஸ்ரின் தன் முதல் படத்தைப் போட்டு, மெர்லினுக்கு எழுதியிருந்தாள். "உங்க துண்டப் பாத்துட்டுதான்க்கா நானும் எந்திரிச்சுக் குளிச்சேன்." மெர்லினுக்குக் கூசியது. பொய்யாவது ஒருத்தியை எழுப்பியதே என்று தேற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினாள். நாற்காலியில் தொங்கிய துண்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் தேங்கிக் கிடந்தது. உடம்பு துடைத்த துண்டு இப்படிச் சொட்டாது. சட்டென்று தன் எட்டு நாள் படங்களையும் தேடி எடுத்தாள். எட்டிலும் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டுக்கும் கீழே அதே பதினோரு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? நஸ்ரினின் படத்துக்கும் அந்தப் பதினோரு இதயங்கள் அதற்குள் வந்துவிட்டன. அடியில் நஸ்ரினிடமிருந்து புதிதாக ஒரு வரி முளைத்தது.

"அக்கா, பாத்தீங்களா?"