முயலுக்குத் தீட்டு

முயலின் உடம்பிலிருந்து சீயக்காய் வாசனை வந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையில் ஈரத் துணியாய் ஒடுங்கிக் கிடந்தது அவள் வளர்க்கும் மொச்சை. காது இரண்டும் ஜில்லென்றிருந்தன. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

மாமியார் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நீ ஒதுங்கி இருக்கிற மூணு நாளும் அது உன் மடியிலதான கெடக்குது? அப்புறம் என் அடுப்படிக்குள்ள வந்து குதிக்குது. அதான் தலைக்கு ஊத்தி விட்டேன் சுகந்தி. தீட்டுப் போக வேணாமா?"

தீட்டாம். முயலுக்கு!

மார்கழி மாதத்துக் குன்னூர். பச்சைத் தண்ணீர். முயலைக் குளிப்பாட்டக் கூடாது, குளிரிலும் பயத்திலுமே செத்துப் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். யார் கேட்டார்கள்?

நாள் முழுக்கத் தன்னையே நக்கி நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் ஜீவன் அது. கொட்டுகிற முடியை அவள் சீப்பால் வாரி எடுப்பாள். பாதத்தில் அழுக்குப் பட்டால் சோளமாவைத் தூவி, மெல்லத் தேய்த்து, உதறி விடுவாள். கூண்டில் தினமும் வைக்கோல் மாற்றுவாள். மொச்சையிடம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாற்றம் வந்ததுண்டா? இந்த வீட்டு மனிதர்களைவிட அது சுத்தம்.

மாதம் மூன்று நாள் அவளுக்குப் பாய் தனி, தட்டு தனி, டம்ளர் தனி. கட்டிய புருஷன்கூட எட்ட நின்றுதான் பேசுவான். இன்று இரண்டாம் நாள்.

மொச்சைக்கு அந்தச் சட்டம் தெரியாது. தாவி வந்து மடியில் ஏறிக்கொள்ளும்.

அது செய்த குற்றம் அவ்வளவுதான்.

அவளுடைய துண்டு கொடியில் ஈரமாகத் தொங்கியது. மற்ற துணியெல்லாம் உள்ளே பீரோவில். அவள் தொடக் கூடாது. காலையிலிருந்து கரண்டும் இல்லை.

முயலின் நடுக்கம் நின்றது.

நின்றால் நல்லதல்ல என்று அவளுக்குத் தெரியும்.

வாரி மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படியைத் தாண்டினாள். கூடத்தைத் தாண்டினாள்.

"ஏய்... எங்கடி போற? ஏய்!"

சாமி அறையில் காற்று புகாது. இரண்டு குத்துவிளக்கும் எரிந்ததில் அறை கதகதப்பாக இருந்தது. மனைப்பலகையில், நாளைக்கு அம்மனுக்குச் சாத்துவதற்காக மடித்து வைத்த பருத்திச் சேலை.

காய்ந்த துணி. வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை.

உதறி விரித்தாள். மொச்சையை அதில் சுருட்டிக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தாள். அழுத்தி அழுத்தித் துடைத்தாள். வாய் வைத்து ஊதினாள்.

சேலைக்குள் மெல்ல ஒரு நடுக்கம் தொடங்கியது.

மாமியார் ஓடி வந்த வேகத்தில் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கை நீண்டது. நீண்ட கை அந்தரத்தில் நின்றது. சேலையைப் பிடுங்க வேண்டுமென்றால் இவளைத் தொட வேண்டும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க அத்தை. வந்து தொடுங்க."