தேயிலைப் பெட்டிக்குள் ஒரு பங்களா

காலித் தேயிலைப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பெயர்த்து, உள்ளே வெள்ளை வேட்டியை விரித்து, வெயிலைத் திருப்பிவிட ஈயத்தாளும் ஒட்டிக்கொண்டிருந்தான் அழகுமுத்து. தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பரா பேச்சியம்மாவுக்கு அடுப்பு வேலை ஓடவில்லை.

“என்னடா தம்பி, எலிப்பொறியா?”

“போட்டோ புடிக்கத்தான்க்கா. திருச்சிப் பொண்ணு வீட்டுக்காரங்க நம்ம வீட்டப் பாக்கணுமாம்.”

பெட்டிக்குள் காகித அட்டையில் செய்த குட்டி பங்களா நின்றது. ஜன்னலுக்குப் பச்சைச் சாயம்கூடப் பூசியிருந்தான். லயத்து ஒற்றையறைக் காம்பரா என்றதுமே இரண்டு பெண் வீட்டார் கழன்றுகொண்டிருந்தார்கள். பாவம், அவனுக்கும் வயது முப்பத்திரண்டு.

“அடப்பாவி! வந்து பாத்தா அந்தப் புள்ள என்னடா சொல்லும்?”

“வந்த பொறகு சமாளிச்சுக்கலாம்கா. வசதியான எடம். ஒரு ஜோடிக் காளை நிக்குதாம்!”

இரவல் கேமராவில் எடுத்த படம் தபாலில் போனது. ஒரு மாதத்தில் பெண் வீட்டுக் காளைகளின் படம் வந்தது. முதலில் வாங்கிப் பார்த்தவள் பேச்சியம்மாதான்.

“ஏன்டா, ஒன் மாமியார் ஊர்ல எறும்பெல்லாம் பூனை தண்டிக்கு இருக்குமோ? மாட்டு முதுகுல ஏறி நிக்குது பாரு!”

அழகுமுத்து உற்றுப் பார்த்தான். இரண்டும் மண்பொம்மைகள். முகம் சுண்டியவன், சட்டென்று சிரித்துவிட்டான்.

“நம்ம பங்களாவுல கட்டுறதுக்கு அளவான மாடுதான்க்கா. நாள் குறிக்கச் சொல்லுங்க!”