மூன்றாவது அடிக்கல்

ஓடைக்கரையில் நின்ற பழைய அடிக்கல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எம்.எல்.ஏ. மாசிலாமணி அதன் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கல்லை நட்டு, பூசணிக்காய் உடைத்துவிட்டு, அப்போதுதான் காரில் ஏறிப் போயிருந்தார்.

"நீ எதுக்குடா வந்தே?" என்றது பழைய கல்.

"இங்கே பாலம் கட்டப் போறாங்கண்ணே," என்றது புதுக்கல், பளபளவென்று.

"நான் வந்தப்பவும் இதைத்தான் சொன்னாங்க. முதல் தடவை ஜெயிச்சு என்னை நட சைக்கிள்ல வந்தாரு. அடுத்த தடவை ஜெயிச்சு, இதோ நடுவுல நிக்கிறானே, இவனை நட ஜீப்புல வந்தாரு. உனக்கு எத்தனை காரு?"

"பதினாறுண்ணே."

"நல்லா இருக்கட்டும்!"

மறுவாரம் மழை கொட்டி ஓடை முழுக்கச் சேறாகிவிட்டது. ரேஷன் அரிசியோடு இறங்கிய சொர்ணத்தாய் வழுக்கி விழுந்தாள். அரிசி அத்தனையும் சேற்றில் போயிற்று. எழுந்து வீட்டுக்குப் போனவள் கடப்பாரையோடும் நாலு ஆட்களோடும் திரும்பி வந்தாள். மூன்று கல்லையும் பெயர்த்து ஓடையில் வரிசையாகப் படுக்கப் போட்டார்கள். பாதி ஓடைக்கு வழி கிடைத்தது.

"அண்ணே, எம்.எல்.ஏ. பேரு மேலேயே மிதிக்கிறாங்கண்ணே!" என்று கத்தியது புதுக்கல்.

"பேசாமக் கிட. அவரு இன்னும் மூணு தடவை ஜெயிச்சாருன்னா அக்கரைக்கே போயிடலாம்."