வாய்விட்டுப் படித்தல்

இணையத்தில் ஒருவரை இழித்து எழுதியவர், இழிக்கப்பட்டவர் குறிக்கும் இடத்தில், அவர் செவிபட அதை வாய்விட்டுப் படித்தாக வேண்டும் என்பது அந்நாளைய சட்டம். ஓதுவார் மங்கையர்க்கரசி நீதிமன்றத்தைக் குறிக்கவில்லை. தன்னை இழித்து எழுதிய ஆசிரியர் சிவநேசன் இணைய ஒழுக்கம் கற்பிக்கும் பதினொன்றாம் வகுப்பைக் குறித்தாள்.

நடராசர் சன்னதியில் அவள் தேவாரம் பாடிய காணொளியின்கீழ்ப் பொய்ப்பெயரில் அவன் எழுதியது ஒரே வரி: 'தாலியறுத்தவள் பாடினால் சாமியே எழுந்து ஓடிவிடும்.' அதைப் படித்த நாள்முதல் ஓராண்டாக அவள் நாவில் ஒரு பதிகமும் எழவில்லை.

வகுப்பு வாசலில் சிவநேசன் கைகூப்பினான்.

"அம்மா, புள்ளைங்க முன்னாடி வேணாம்மா. வேற எங்க சொன்னாலும் வரேன்."

"ஏன் சார், ஊரு உலகமே படிக்கட்டும்னுதானே எழுதினீங்க? இங்க நாப்பது பேருதானே இருக்காங்க?"

அவள் கடைசி பெஞ்சில் போய் அமர்ந்தாள். அவன் தாளைப் பிரித்தான். "தாலி..." என்றதுமே குரல் தொண்டைக்குள் அமிழ்ந்தது.

அவ்வகுப்பில் அவனே ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. எழுதியதை வெளியிடுமுன் எழுதியவர் உரக்கப் படிக்க வேண்டும். குரல் தாழ்ந்தால் மற்றவர்கள் எழுந்து நின்று மீண்டும் படிக்கச் சொல்ல வேண்டும். கூசத்தக்க சொல்லில்தான் குரல் தாழும் என்பது அவன் நடத்திய முதல் பாடம்.

நாற்பது பேரும் எழுந்தார்கள்.

"கேக்கலை சார்! முதல்லேர்ந்து படிங்க!"

அவன் கடைசி பெஞ்சைக் கெஞ்சும் கண்களால் பார்த்தான். மங்கையர்க்கரசியும் நிதானமாக எழுந்து நின்றாள்.

"எனக்கும் கேக்கலை சார்."